கஞ்ச மாமாவின் கைத்தடி

வெளியாவதற்கு முன் அந்த விளையாட்டில் ஹாம்பர்கர் இருந்தது. அடிபட்டுச் சோர்ந்த வாத்து அதைத் தின்றால் உயிர் கூடும். டிஸ்னி அலுவலகத்தில் சோதித்துப் பார்த்தவர்கள் ஹாம்பர்கர் வேண்டாம் என்றார்கள். அந்த இடத்தில் ஐஸ்கிரீம் வந்தது. டிரான்சில்வேனியா மாளிகையின் சவப்பெட்டிகளில் சிலுவைகள் இருந்தன, அவையும் போயின. கதாநாயகன் தன் பணத்தை விட்டுக்கொடுக்கலாம் என்று ஒரு வாய்ப்பு வைத்திருந்தார்கள். அதையும் எடுக்கச் சொல்லிவிட்டார்கள்.

முதல் இரண்டும் கம்பெனிகளுக்கே உரிய வழக்கமான ஜாக்கிரதை. மூன்றாவதுதான் கவனிக்க வேண்டியது. அந்தக் கதாநாயகன், கஞ்ச வாத்து ஸ்க்ரூஜ் மெக்டக், ஒருநாளும் பணத்தை விட்டுக்கொடுக்க மாட்டார். அவரைத் தெரிந்த எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லியிருக்கும். 1989இல் நிண்டெண்டோ என்டர்டெயின்மென்ட் சிஸ்டம் கன்சோலுக்காக ஜப்பானின் கேப்காம் நிறுவனம் உருவாக்கிய ‘டக்டேல்ஸ்’, அந்தக் கஞ்சத்தனத்தை அடிப்படையாக வைத்தே கட்டப்பட்டது. அதனால்தான் டிவி கார்ட்டூனிலிருந்து பிறந்த நூற்றுக்கணக்கான விளையாட்டுகள் மறந்துபோன பிறகும் இது மட்டும் நிற்கிறது.

ஸ்க்ரூஜை டிவி உருவாக்கவில்லை. கார்ல் பார்க்ஸ் என்ற ஓவியர் 1947இல் ஒரு கிறிஸ்துமஸ் சித்திரக்கதைக்காக டொனால்ட் டக்குக்கு ஒரு பணக்கார மாமாவை வரைந்தார். பிற்பாடு விரிந்த குடும்ப மரத்தின்படி ஸ்க்ரூஜ் டொனால்டின் அம்மாவுக்கு அண்ணன். நம் கணக்கில் அசல் தாய்மாமன். ஹூயி, டூயி, லூயி என்ற மூன்று குட்டி வாத்துகளோ டொனால்டின் சகோதரி டெல்லாவின் பிள்ளைகள். 1937இல் நாளிதழ்ச் சித்திரத் தொடர் ஒன்றில் மாமா டொனால்டின் வீட்டில் வந்து இறங்கியவர்கள், அதோடு அங்கேயே தங்கிவிட்டார்கள். அம்மா டெல்லா என்ன ஆனாள் என்று பல பத்தாண்டுகள் யாரும் அக்கறையாகக் கேட்கவில்லை. அந்தப் பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கதைக்காக வந்த மாமா பார்க்ஸின் கையிலேயே வளர்ந்தார். தானியக் குதிர் போல நாணயம் நிரம்பிய கட்டடம், அதில் குதித்து நீச்சலடிக்கும் பழக்கம், ஒரு பைசா லாபத்துக்கும் உலகத்தின் மறுகோடிக்குப் போகும் வைராக்கியம் என்று ஒரு முழு மனிதர், இல்லை, முழு வாத்து உருவானது. பார்க்ஸின் கதைகளில் ஆண்டீஸ் மலை வரும், தொலைந்த நகரங்கள் வரும், சாபம் பிடித்த புதையல்கள் வரும். 1987 செப்டம்பரில் டிஸ்னி தொடங்கிய ‘டக்டேல்ஸ்’ கார்ட்டூன் இந்தக் கிணற்றிலிருந்துதான் தண்ணீர் இறைத்தது. டொனால்டைக் கடற்படைக்கு அனுப்பிவிட்டு, பிள்ளைகளை ஸ்க்ரூஜ் பொறுப்பில் விட்டது கதை. முதல் பருவத்தில் 65 அத்தியாயங்கள். வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் பதின்மூன்று வாரம் ஓட்டலாம் என்பது அன்றைய அமெரிக்க உள்ளூர்ச் சானல்களின் கணக்கு. 1990இல் முடிந்தபோது அத்தியாயங்கள் 100.

டிவியில் ஒன்று ஓடினால் அதை வைத்து டிபன் டப்பா, டீ-ஷர்ட், விளையாட்டு என்று வரிசையாக விற்பது அமெரிக்க வழக்கம். விளையாட்டு பெரும்பாலும் அந்த வரிசையில் கடைசி, தரத்திலும் கடைசி. அட்டாரி நிறுவனம் 1982 கிறிஸ்துமஸுக்காக ‘இ.டி.’ படத்தை வைத்து ஒரு விளையாட்டைக் கொண்டுவந்தது. அதை எழுதி முடிக்க ஹோவர்ட் ஸ்காட் வார்ஷாவுக்குக் கிடைத்த அவகாசம் ஐந்தே வாரம். விற்காமல் தேங்கியவற்றை 1983இல் நியூ மெக்சிகோவின் அலமகோர்டோ குப்பைமேட்டில் புதைத்தார்கள். 2014இல் தோண்டியபோது நிஜமாகவே வெளியே வந்தன. பெட்டியின் மேல் தெரிந்த முகம் போதும், உள்ளே எது இருந்தாலும் விற்கும் என்ற நினைப்புக்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். எண்பதுகளின் கடைசியிலும் அந்த நினைப்பு சாகவில்லை. தெரிந்த முகத்தைப் பெட்டியில் பார்த்து வாங்கிவந்து, வீட்டில் போட்டுப் பார்த்து நொந்துபோன பிள்ளைகள் அந்தத் தலைமுறையில் ஏராளம்.

கேப்காம் வேறு வகை. ஒசாகாவைச் சேர்ந்த அந்த நிறுவனம் முதலில் ஹட்சன் உருவாக்கிய ‘மிக்கி மவுஸ்கப்பேட்’ விளையாட்டை 1988இல் அமெரிக்காவில் வெளியிட்டு டிஸ்னியோடு உறவைத் தொடங்கியது. அடுத்ததைத் தானே செய்தது. தயாரிப்புப் பொறுப்பு டோக்குரோ ஃபுஜிவாராவுக்கு; விளையாடுபவனின் பொறுமையைச் சோதிப்பதில் பேர்போன ‘கோஸ்ட்ஸ் ன் காப்ளின்ஸ்’ அவர் கைவண்ணம். ‘மெகா மேன்’ விளையாட்டுக் குழுவின் கெய்ஜி இனாஃபுனேயும் இதில் வேலை செய்தார். வரும் வழியெல்லாம் விரட்டி அடிக்கும் கடினமான விளையாட்டுகளைச் செய்து பழகிய கைகள், குழந்தைகள் டிவித் தொடர் ஒன்றை எடுத்துக்கொண்டபோது அலட்சியம் காட்டவில்லை. மறுபுறம் டிஸ்னியிலும் டார்லின் லேசி போன்றவர்கள் கேப்காம் அனுப்பியதைப் பார்த்துப் பார்த்துத் திருத்தம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஹாம்பர்கர் ஐஸ்கிரீம் ஆனது அந்தப் போக்குவரத்தில்தான்.

இனி விளையாட்டுக்குள் போவோம்.

ஸ்க்ரூஜ் வயதானவர், தலையில் உயரத் தொப்பி, மூக்கில் கண்ணாடி, கையில் தடி. துப்பாக்கி பிடிக்கும் கை இல்லை. வழக்கமான விளையாட்டாக இருந்தால் எதிரியின் தலையில் குதித்து மிதிப்பார், ‘மாரியோ’ மாதிரி. கேப்காம் அந்தத் தடியைப் பார்த்தது. அடியில் ஸ்பிரிங் வைத்து, ஏறி நின்று துள்ளும் கம்பை மேலைநாட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். போகோ ஸ்டிக் என்பார்கள். ஸ்க்ரூஜின் கைத்தடியை அப்படி ஆக்கிவிட்டார்கள். ஏ பட்டனை அழுத்தித் தாவ வேண்டும். காற்றில் இருக்கும்போதே கீழ்நோக்கிய அம்பையும் பி பட்டனையும் சேர்த்து அழுத்திப் பிடிக்க வேண்டும். கிழவர் தடியின் மேல் ஏறி, விரலை எடுக்கும்வரை துள்ளிக்கொண்டே இருப்பார்.

கேட்க எளிது. கையில் வருவதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். வந்துவிட்டால் வேறு எப்படியும் நடக்க மனம் வராது. துள்ளினால் சாதாரணத் தாவலைவிட உயரம் கிடைக்கும். எதிரியின் தலையில் விழுந்தால் எதிரி காலி, ஸ்க்ரூஜ் மறுபடி மேலே. பெட்டியின் மேல் விழுந்தால் பெட்டி உடையும், உள்ளேயிருந்து வைரம் வரும். சாதாரணமாகக் கால் பட்டால் அடிபடும் முட்களின் மேலும் தடியோடு துள்ளிப் போய்விடலாம். இமயமலைக் கட்டத்தில் மட்டும் ஒரு குறும்பு: மெத்தென்ற பனியில் துள்ளினால் தடி புதைந்து, கிழவர் கொஞ்ச நேரம் மாட்டிக்கொண்டு விழிப்பார். தரையில் நிற்கும்போது அதே தடி கோல்ஃப் மட்டை. கல்லையும் பெட்டியையும் அடித்துத் தள்ளும். ஸ்க்ரூஜ், கோல்ஃப் பிறந்த ஸ்காட்லாந்தைச் சேர்ந்தவர் என்பது தெரிந்தால் இந்த கோல்ஃப் அடியின் நகைச்சுவை புரியும். ஆக ஆயுதம், கால், சாவி எல்லாம் அந்த ஒரே தடி. ஒரு பொருளுக்குப் பத்துப் பொருளின் வேலை வாங்குவதைவிடக் கஞ்சனுக்குப் பொருத்தமான வித்தை உண்டா?

மதிப்பெண்ணிலும் அதே குணம். அந்தக் காலத்து விளையாட்டுகளில் திரையின் மேல் ஓடும் எண் பெரும்பாலும் வெறும் அலங்காரம். எதற்காக ஆயிரம், எதற்காகப் பத்தாயிரம் என்று யாரும் கேட்பதில்லை. இங்கே அது டாலர். ஸ்க்ரூஜ் சில இடங்களைக் கடந்து போனால் காற்றிலிருந்து வைரம் முளைக்கும். எங்கே முளைக்கும் என்று தெரியாததால் பிள்ளைகள் ஒவ்வொரு மூலையிலும் போய்த் தலையை நுழைப்பார்கள். அதாவது விளையாடுகிற பிள்ளையும் கொஞ்ச நேரத்தில் ஸ்க்ரூஜ் ஆகிவிடும். ஒவ்வொரு கட்டத்தின் கடைசியிலும் ஒரு பெரும்புதையல், விலை பத்து லட்சம் டாலர். போதாததற்கு எங்கோ ஒளித்து வைத்த இரண்டு புதையல்கள் வேறு. அவற்றையும் எடுத்து ஒரு கோடி டாலரோடு முடிப்பவருக்குத் தனி முடிவுக் காட்சி. கதாநாயகனின் குணத்தை வசனத்தில் சொல்லாமல் விதியாக எழுதிவைத்த வேலை இது. டிவி கார்ட்டூனை எடுத்தாண்டவர்களில் இதைப் புரிந்துகொண்டவர்கள் அன்று மிகக் குறைவு.

ஐந்து கட்டங்கள்: அமேசான், டிரான்சில்வேனியா, ஆப்பிரிக்கச் சுரங்கம், இமயமலை, நிலா. ‘மெகா மேன்’ போலவே எந்த வரிசையிலும் போகலாம். ஒரே விதிவிலக்கு, சுரங்கத்துக்குள் நுழைய டிரான்சில்வேனியாவில் கிடைக்கும் சாவி வேண்டும். அமேசானில் இன்கா அரசனின் செங்கோல், இமயத்தில் செங்கிஸ்கானின் மகுடம் என்று தேடிப் போகும் பொருள்களைப் பார்த்தால் பார்க்ஸின் வாடை அடிக்கும். பழைய சித்திரக்கதைகளின் கோளாறும் கூடவே வந்துவிட்டது. உலகம் முழுவதும் ஒரு மேலைநாட்டுப் பணக்காரர் போய் அள்ளிவரக் காத்துக்கிடக்கும் புதையல் கிடங்கு என்ற பார்வை அது. செங்கோல் யாருடையது, மகுடம் யாருக்குச் சேர வேண்டும் என்ற கேள்வி விளையாட்டில் எழவே எழாது. இன்று பார்க்கும்போது அது உறுத்தத்தான் செய்கிறது.

நிலாவில் தேடுவது பச்சைப் பாலாடைக்கட்டி. தின்றால் ஆயுள் நீளுமாம். நம் நிலாவில் பாட்டி வடை சுடுவது போல, ஆங்கிலேயர்களின் பழங்கதையில் நிலாவே பாலாடைக்கட்டி. ஸ்க்ரூஜ் அங்கே தலைக்கவசமும் போடாமல், மூச்சும் திணறாமல், பூமியில் துள்ளிய அதே உயரத்துக்குத் துள்ளுவார். இயற்பியல் ஆசிரியர் யாரும் இந்தக் கட்டத்தை மன்னிக்க மாட்டார். ஆனால் அங்கே ஒலிக்கும் இசையைக் கேட்டால் அவரும் பேசாமல் உட்கார்ந்துவிடுவார்.

அந்த இசையின் சங்கதி கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. நிண்டெண்டோ கன்சோலின் ஒலிப்பகுதியில் மொத்தம் ஐந்து வழிகள்தான். இரண்டு கூர்மையான சதுர அலைகள், அடிநாதத்துக்கு ஒரு முக்கோண அலை, தாளத்துக்கு ஓர் இரைச்சல், குறுகிய ஒலிப்பதிவுத் துண்டுகளுக்கு ஒன்று. ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் வசதி முக்கோண அலைக்குக் கிடையாது. துள்ளும் சத்தம், பெட்டி உடையும் சத்தம் என்று ஒவ்வொன்றும் பாட்டின் ஏதாவது ஒரு வழியைக் கொஞ்ச நேரம் பிடுங்கிக்கொள்ளும். இந்த நெருக்கடிக்குள் ஹிரோஷிகே டோனோமுரா எழுதியதுதான் நிலாக் கட்டத்தின் மெட்டு. வேகமாக ஏறி இறங்கும் சுரங்கள் அடியில் ஓட, மேலே ஒரு ராகம் நிதானமாக எழுந்து விரியும். முதுகுத்தண்டில் சில்லென்று ஏறும். கிண்டலாகத் தொடங்கிய ஒரு வாத்துக் கதையில், பாலாடைக்கட்டி தேடப் போன இடத்தில், இப்படி ஓர் ஏக்கம் வந்து உட்காரும் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். தலைப்புத் திரையில் ஒலிக்கும் டிவித் தொடரின் பாடல் மார்க் ம்யூல்லர் எழுதியது. அது ஊரறிந்த பாட்டு. நிலாவின் மெட்டுக்கு டிவியில் மூலமே கிடையாது, முழுக்க விளையாட்டுக்காகவே பிறந்தது.

அமெரிக்காவில் 1989 செப்டம்பரில் வெளியானது. ஒசாகாவில் செய்த பண்டம் ஜப்பானியக் கடைக்கு வர 1990 ஜனவரி ஆயிற்று. ஜப்பானிய விளையாட்டுகள் முதலில் சொந்த ஊரில் வந்து, பிறகு கடல் கடப்பதே அன்றைய வழக்கம். இது தலைகீழ், யாரை மனத்தில் வைத்துச் செய்தார்கள் என்பது அதிலேயே தெரிகிறது. நிண்டெண்டோவில் சுமார் 16.7 லட்சம் பிரதிகளும், 1990இல் வந்த கேம் பாய் வடிவத்தில் சுமார் 14.3 லட்சம் பிரதிகளும் விற்றன. அந்த இரண்டு கருவிகளிலும் கேப்காம் விற்றவற்றில் இதுவே முதலிடம். ‘மெகா மேன்’ பெயரைத்தான் எல்லாரும் சொல்வார்கள். கல்லாப்பெட்டி சொன்னது ஸ்க்ரூஜ் பெயரை. அதுவும் பொருத்தம்தான்.

இந்தியாவுக்குத் தொடர் வந்த வழி வேறு. 1990களில் தூர்தர்ஷன் இந்தியில் ஒளிபரப்பியது. விளையாட்டுக் கருவியோ அசல் நிண்டெண்டோவாகப் பெரிதாகப் பரவவில்லை. கிழக்காசியாவிலிருந்து வந்த நகல் கருவிகள்தான் இங்கே அதிகம். கார்ட்ரிட்ஜுக்குத் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் வைத்த பெயர் கேசட்; ஒரே கேசட்டில் ஆயிரக்கணக்கான விளையாட்டு என்று அட்டையில் போட்டிருக்கும், போட்டுப் பார்த்தால் அதே ஏழெட்டு திரும்பத் திரும்ப வரும்.

கேப்காமுக்கும் டிஸ்னிக்கும் ருசி கண்டுவிட்டது. 1990இல் ‘சிப் ன் டேல்’, 1991இல் ‘டேல்ஸ்பின்’, 1992இல் ‘டார்க்விங் டக்’, 1993இல் ‘டக்டேல்ஸ் 2’ என்று வரிசையாக வந்தன. இவற்றில் ‘சிப் ன் டேல்’ இருவர் சேர்ந்து விளையாட இன்றும் அருமையானது. ‘டேல்ஸ்பின்’ சுமார் ரகம்தான். ‘டக்டேல்ஸ் 2’ முதலாவதைவிட நயமாகச் செய்யப்பட்டது. ஆனால் அதற்குள் பிள்ளைகள் சூப்பர் நிண்டெண்டோவுக்கு மாறிவிட்டார்கள். நல்ல விளையாட்டு ஆளில்லாத கடையில் வந்து உட்கார்ந்தது. அதே 1993இல் சூப்பர் நிண்டெண்டோவுக்காக ‘கூஃப் ட்ரூப்’, ‘அலாதீன்’ இரண்டிலும் வேலை செய்த ஷின்ஜி மிகாமி, மூன்று ஆண்டு கழித்துப் பிணங்கள் எழுந்து நடக்கும் ‘ரெசிடென்ட் ஈவில்’ செய்து உலகத்தைப் பயமுறுத்தினார். டிஸ்னி வேலை கேப்காமுக்கு ஒரு நல்ல பட்டறை.

‘டக்டேல்ஸ்’ விளையாட்டுகளில் அதன்பின் ஏறக்குறைய இருபது ஆண்டு மௌனம். தொடரைப் பார்த்த பிள்ளைகள் வளர்ந்தார்கள், அவர்களில் சிலர் விளையாட்டு செய்பவர்களாகவே ஆனார்கள். 2013 மார்ச்சில் பாஸ்டன் நகரின் பாக்ஸ் ஈஸ்ட் விழாவில் ‘டக்டேல்ஸ் ரீமாஸ்டர்டு’ அறிவிக்கப்பட்டபோது அரங்கமே சேர்ந்து டிவித் தொடரின் பாட்டைப் பாடியது. வேஃபார்வர்டு என்ற கலிஃபோர்னிய நிறுவனம் பழைய கட்டங்களைக் கையால் வரைந்த உருவங்களோடு புதுப்பித்திருந்தது. ஸ்க்ரூஜுக்குக் குரல் கொடுத்தவர் முதல் தொடரிலேயே கொடுத்த ஆலன் யங். அப்போது அவருக்கு வயது 93. பத்திரிகையாளர்களுக்காகத் தங்க நிறம் பூசிய பழைய கார்ட்ரிட்ஜ்கள் 150 மட்டும் அனுப்பினார்கள். கஞ்சன் பெயரில் இப்படி ஓர் ஆடம்பரம்! புதுப்பித்த விளையாட்டு அழகுதான், குறை அதன் பேச்சில். பத்தடி துள்ளுவதற்குள் யாராவது வந்து கதை சொல்ல ஆரம்பிக்கிறார்கள். 128 கிலோபைட் கார்ட்ரிட்ஜில் பேச்சுக்கு இடமில்லாமல் போனது மூலத்துக்குக் கிடைத்த வரம்.

வேஃபார்வர்டிலிருந்து விலகிய ஷான் வெலாஸ்கோவும் நண்பர்களும் யாட் கிளப் என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கி, அதே 2013 மார்ச்சில் பொதுமக்களிடம் பணம் திரட்டினார்கள். 2014இல் வந்த அவர்களின் ‘ஷவல் நைட்’டில் கவச வீரன் ஒருவன் மண்வெட்டியின் மேல் நின்று எதிரிகளின் தலையில் துள்ளிக்கொண்டே போகிறான். எங்கிருந்து எடுத்தோம் என்பதை அவர்கள் மறைக்கவில்லை. ஸ்க்ரூஜின் தடியையும் சொன்னார்கள். ‘ரீமாஸ்டர்டு’, ‘ஷவல் நைட்’ இரண்டுக்கும் இசையமைத்தவர் ஜேக் காஃப்மன்.

உரிமம் வாங்கிச் செய்த விளையாட்டுக்கு ஓர் ஆயுள் ஆபத்து எப்போதும் உண்டு. 2019 ஆகஸ்டில் ‘ரீமாஸ்டர்டு’ இணையக் கடைகளிலிருந்து எடுக்கப்பட்டது. 2020 மார்ச்சில் திரும்பி வந்தது. காசு கொடுத்து வாங்க ஆள் இருந்தும் இடையில் பொருள் கடையில் இல்லை. அதற்கு முன்பே, 2017இல், டிஜிட்டல் எக்லிப்ஸ் நிறுவனம் ‘டக்டேல்ஸ்’ இரண்டு பாகங்களையும் சேர்த்து ஆறு பழைய விளையாட்டுகளை ‘டிஸ்னி ஆஃப்டர்நூன் கலெக்‌ஷன்’ என்று தொகுத்தது; வெளியிட்டது கேப்காம்.

அதே 2017இல் டிஸ்னி ‘டக்டேல்ஸ்’ தொடரைப் புதிதாகவும் எடுத்து ஒளிபரப்பத் தொடங்கியது. இம்முறை அதை உருவாக்கியவர்கள் பழைய தொடரைப் பார்த்து வளர்ந்தவர்கள். எல்லாரும் மறந்துபோன அந்த அம்மாவை, டெல்லாவைத் தேடிப் பிடித்தார்கள். விண்கலத்தில் போனவள் நிலாவில் மாட்டிக்கொண்டு, பல ஆண்டுகள் தனியே கிடக்கிறாள் என்று கதை வைத்தார்கள். 2019 மார்ச் 9 அன்று ஒளிபரப்பான அத்தியாயத்தில் டெல்லா தன் மூன்று பிள்ளைகளுக்காக ஒரு தாலாட்டுப் பாடுகிறாள். அதன் மெட்டு, முப்பது ஆண்டுக்கு முன் டோனோமுரா நிலாக் கட்டத்துக்காக எழுதிய மெட்டு. டிவியிலிருந்து விளையாட்டுக்குப் போவதுதான் வழக்கம். இங்கே விளையாட்டிலிருந்து டிவிக்கு ஒன்று வந்து சேர்ந்தது.

முதன்முறை விளையாடிப் பார்க்க நினைப்பவர்கள் 2017 தொகுப்பையே எடுக்கலாம். செத்துப்போனால் சில நொடி பின்னோக்கிச் சென்று திருத்திக்கொள்ளும் வசதி அதில் உண்டு. மூன்று கடின அளவுகளில் எளியதில் தொடங்குங்கள். முதல் கட்டமாக அமேசானை வைத்துக்கொண்டால் துள்ளல் கைக்குப் பழகிவிடும். இமயமலையைக் கடைசிக்குத் தள்ளிப்போடுங்கள்.